கொம்பு முதலில்

மொன்றியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில்
வெப்பக்குழாய் இருமுகிற சுவரோரம்
இருக்கிறது என் பழைய கணினி.
இணையம் இல்லை. நாளும் பிழை.
எண்பதாம் ஆண்டு தை முதலாம் திகதி என்றே
ஒவ்வொரு காலையும் கண் விழிக்கும்.
நான் அப்போது பிறந்திருந்தேன்,
அது பிறந்திருக்கவில்லை.

ஆரூரன் மெல்லிய புதுசொன்று வாங்கித் தந்தான்.
"அம்மா, இதில எல்லாம் தானாச் சேமிக்கும்."
எனக்கு அதுதான் பயம்.
தகப்பன் பெயரின் கீழே சிவப்புக் கோடு போட்டது.
மழை என்று தொடங்கினேன்,
மழைக்கால வாழ்த்துகள் என்று முடித்துவைத்தது.
மூடி, ஒரு துணி போர்த்தி,
அலுமாரியின் மேல் வைத்தேன்.

ஏன் என்று கேட்கிறவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
பதிப்பகத்துக்குக் காசு. மகனுக்குக் கண்.
ழான்-தலோன் தெருவில் கடை வைத்திருக்கும் கியோம்
மின்பெட்டியை இரண்டு தரம் மாற்றித் தந்தவன்,
அவனுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லப் பார்த்தேன்.
திரையில் ஒரு கொம்பு போட்டேன்.
"இது என்ன எழுத்து?"
எழுத்தில்லை.
"பிறகு?"
வரப்போகிறது.
அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் திருகாணி தேடினான்.

அவ்வளவுதான் விஷயம்.
புதுசில் 'கெ' வேண்டுமென்றால் முதலில் க கேட்கும்.
கொம்பு பிந்தி வந்து,
பஸ் வரிசையில் பூருகிறவனைப் போல
முன்னால் போய் நின்றுகொள்ளும்.
என் கை அப்படிப் பழகவில்லை.
பேனையில் எப்படியோ பழசிலும் அப்படி:
கொம்பு முதலில்.
தனியே, வளைந்து,
எதையும் சுமக்காமல் நிற்கும்.
செ-யா, மெ-யா, வெ-யா,
பின்னால் அரவு வந்தால் சொ-வா, மொ-வா,
போட்ட எனக்கே தெரியாது.

மூன்றாம் அத்தியாயத்தில்
ஒருவன் கத்தியோடு படியேறுகிறான்.
கொன்றான் என்று எழுதத்தான் கொம்பு போட்டேன்.
அடுப்பில் கேத்தில் கூவியது.
தேத்தண்ணி ஊற்றி, சீனி தேடி,
எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவர்
காரின் மேலிருந்த பனியைத் தும்புத்தடியால்
தட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து
சென்றான் என்று முடித்தேன்.
கடைசிப் பக்கம்வரை இருவர் பிழைத்தார்கள்,
ஒருவன் சாவிலிருந்து,
மற்றவன் பழியிலிருந்து.

போன மாசியில் பதிப்பகம் கறாராகச் சொல்லிவிட்டது.
பதினொரு கோப்பையும்
ஆரூரன் கண் மூடித் திறக்குமுன் மாற்றித் தந்தான்.
நல்லாய்த்தான் மாறியிருந்தது.
ஔடதம் மட்டும் ஒ வேறு ள வேறாய்க் கிடந்தது.
பிறகு ஏழாம் கோப்பு, நாற்பதாம் பக்கம்:
அவள் கதவைத் திறந்தாள். அங்கே
என்பதற்கு அடுத்து ஒரு கொம்பு.
கொம்பின் பக்கத்தில்
புள்ளிகளால் ஒரு வட்டம்,
கந்தோர்ப் படிவத்தில்
ஒப்பம் வைக்கச் சொல்லும் இடம்போல.

"அம்மா, இதில ஒரு எழுத்துக் காணேல்லை."
காணாமல் போகேல்லை. இன்னும் வரேல்லை.

அந்தக் கொம்பைப் போட்ட இரவு
தொலைபேசி அடித்தது.
அதை இங்கே எழுதப் போவதில்லை.
நாற்பத்தொரு நாள் கழித்து வந்து
அடுத்த பந்தியிலிருந்து தொடங்கினேன்.
கதவு திறந்தபடி இருந்தது.
பழசுக்கு அது குறையென்று தெரியாது.
ஒரு வட்டமும் போடாமல்
இத்தனை வருடம்
கொம்பைக் கொம்பாகவே காட்டிக்கொண்டிருந்தது.

நிரப்புங்கள், அல்லது அழியுங்கள் என்றார்கள்.
பத்துக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன்.
ஏழாவதைப் பழசில் அச்செடுத்தேன்,
மை பாதிதான் இருந்தது.
தபால் கந்தோரில் பெரிய உறை தீர்ந்துவிட்டதாம்.
சின்னதுக்கு மடிக்க வேண்டியிருந்தது.
மடிப்பு
கொம்பின் மேல் விழாமல்
பார்த்துக்கொண்டேன்.